பெய்ஜிங் பெய்ஹாய் பூங்கா: வாசகர் கேள்வி – பதில்

தோல் வணிகமாக பெய்ஜிங் போகிறேன். கிடைப்பது ஒரே ஒரு அரை நாள். பெய்ஹாய் பூங்காவுக்குள் எந்த வாசலில் நுழைவது?
– வாசகர், ஆம்பூர்

தெற்கு வாசலில் நுழைந்து வடக்கு வாசலில் வெளியேறுங்கள். வடக்கு வாசலுக்குப் பக்கத்திலேயே மெட்ரோ 6-ஆம் தடத்தின் நிலையம் இருப்பதால் பலரும் அங்கே இறங்கி, ஏரிக்கரையைச் சுற்றிவிட்டுக் களைத்த காலோடு, ஏரிக்குள் தெற்கு வாசல் பக்கமாக இருக்கும் கோயில் தீவுக்கு வருகிறார்கள். ஏற வேண்டிய படியெல்லாம் கடைசியில் வந்து நிற்கும். பூங்கா இரவு வரை திறந்திருந்தாலும் கோயில் கூடங்களை மாலை நாலு, ஐந்து மணிக்கே பூட்டிவிடுவார்கள். அதனால் கூடங்கள் முதலில், கரை பிறகு.

அரண்மனை நகரத்தை (ஃபார்பிடன் சிட்டி) பார்த்துவிட்டு வருவதானால், அதன் வடக்கு வாசலிலிருந்து மேற்கே கால் மணி நேர நடை. நுழைவுச் சீட்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 10 யுவான், மற்ற மாதங்களில் 5 யுவான். தீவுக் கோயிலும் துவான்செங் என்ற வட்டக் கோட்டையும் சேர்ந்த கூட்டுச் சீட்டு முறையே 20, 15 யுவான், அதையே வாங்குங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பூங்கா 69 ஹெக்டேர், ஏறக்குறைய 170 ஏக்கர். வேலூர்க் கோட்டையின் 133 ஏக்கரைவிடப் பெரிது என்றாலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான். நாலு மணி நேரம் ஒதுக்கினால் அவசரமில்லாமல் பார்க்கலாம்.

நடுவில் தெரியும் வெள்ளை ஸ்தூபிக்குள் ஏற முடியுமா? செருப்பை எங்கே விடுவது? கற்பூரம் ஏற்றலாமா?
– வாசகி, குடியாத்தம்

உள்ளே போக வழியில்லை. அது ஏறிப் பார்க்கும் கோபுரம் அல்ல. 1651-இல் திபெத்திய முறையில் கட்டப்பட்டது, சுமார் 36 மீட்டர் உயரம். 1679 நிலநடுக்கத்தில் சேதமடைந்து, பிறகு செப்பனிடப்பட்டது. அடிமேடை வரை ஏறினால் அரண்மனைக் கூரைகள் முழுவதும் கண்ணில் விரியும். திபெத்திய பௌத்தர்களும் நம்மைப் போலவே வலமாகத்தான் சுற்றுவார்கள்.

செருப்பைக் கழற்ற வேண்டாம். ஆனால் வாசற்படி உயரமாக இருக்கும். அதை மிதிக்காமல் தாண்டிப் போக வேண்டும். தேங்காய், கற்பூரம் எடுத்துப் போகாதீர்கள். மரக் கட்டடங்கள் என்பதால் கூடத்துக்குள் நெருப்புக்கு இடமே கிடையாது. கூடத்துக்குள் சிலைகளைப் படம் எடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். தோட்டக்கலை தெரிந்தவன் அங்கே எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், வாலாஜாபேட்டை

இரண்டு இடங்கள். முதலாவது, தெற்கு வாசலை ஒட்டிய துவான்செங். வருகிறவர்கள் அங்குள்ள வெள்ளை ஜேட் (ஒருவகை மணிக்கல்) புத்தரையும், மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் காலத்தில் 1265-இல் செதுக்கிய மாபெரும் ஜேட் தொட்டியையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் தரையைப் பாருங்கள். செங்கற்களின் மேல்பக்கம் அகலம், அடிப்பக்கம் குறுகல். இடையில் சாந்து கிடையாது. மழைநீர் இடுக்கு வழியே மண்ணுக்குள் இறங்கும். மிஞ்சுவது கிணற்று வாய் போன்ற துளைகளில் விழுந்து, நிலத்தடிக் கால்வாயில் தங்கி, வேருக்குப் போய்ச் சேரும். சுற்றியுள்ள தரையைவிட நாலரை மீட்டர் உயரத்தில், ஏரி நீர் எட்டாத மேட்டில், பழம்பெரும் பைன் மரங்கள் பல நூற்றாண்டுகளாக நிற்பதற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம். நம் ஊரில் மரத்தின் தூர் வரை சிமென்ட் பூசிவிட்டு, வேம்பு ஏன் பட்டுப்போனது என்று கேட்கிறோம். இந்தத் தரை அதற்கு நேரடியான பதில்.

இரண்டாவது, வடகரையில் உள்ள ஜிங்சின்ஜாய். 18-ஆம் நூற்றாண்டில் சியென்லுங் பேரரசர் காலத்தில் அமைந்த, தோட்டத்துக்குள் ஒரு தோட்டம். தண்ணீர் அரித்துத் துளைத்த சுண்ணாம்புக் கற்களை அடுக்கிக் குன்றாக்கியிருக்கிறார்கள். கல்லைத் தேர்ந்தெடுக்க அவர்கள் பார்ப்பது மெலிவு, சுருக்கம், ஊடுருவும் துளை. எங்கே நின்றாலும் முழுத் தோட்டமும் தெரியாது. பாறையோ பாலமோ மறைக்கும், ஓரடி நகர்ந்தால் அடுத்த காட்சி திறக்கும். மதிலை ஒட்டி ஏறி இறங்கும் கூரையிட்ட நடையை விட்டுவிடாதீர்கள். மதிலுக்கு வெளியே பெரிய சாலை ஓடுகிறது. அந்தச் சத்தத்தைத் தடுப்பதும் இந்தப் பாறைக் குன்றுதான். குழுவாக வருகிறவர்கள் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் ஒரு மணி நேரமாவது இருங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அவரையும் அழைத்துப் போகலாமா?
– வாசகி, காட்பாடி

தாராளமாக. ஸ்தூபிக்கு ஏறும் செங்குத்தான படிகளை மட்டும் விட்டுவிடுங்கள். பாலம் தாண்டி, தீவின் கரையோரமாகவே வடக்குப் பக்கம் போனால் கூரையிட்ட நீண்ட நடை வரும். அங்கே உட்கார இடம் உண்டு. பக்கத்துப் படகுத்துறையில் ஏறினால் ஐந்து டிராகன் மண்டபங்கள் உள்ள வடகரையில் இறக்கிவிடுவார்கள். ஏரியைச் சுற்றும் நடை அத்தனையும் மிச்சம். ஏரி உறையும் குளிர்காலத்தில் இந்தப் படகு ஓடாது.

வடகரை சமதளம். 1756-இல் எழுப்பிய ஒன்பது டிராகன் சுவர் அங்கேதான். வண்ண மெருகு ஓடுகளால் ஆன அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் ஒன்பது ஒன்பது டிராகன்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்கள் ஏராளம். அம்மாவைப் பின்பக்கமும் அழைத்துப் போங்கள். சற்று மேற்கே, சியென்லுங் தன் தாயின் பிறந்தநாளுக்காகக் கட்டிய சதுர வடிவப் பெருமண்டபம் இருக்கிறது. அம்மாவோடு போகிறவர்கள் அதைப் பார்க்காமல் வரக்கூடாது.

எந்த மாதம் நல்லது? சைவம் கிடைக்குமா?
– வாசகர், ஆரணி

ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர். மே முதல் வாரமும் அக்டோபர் முதல் வாரமும் சீன விடுமுறை. கூட்டம் நெரியும், தவிர்த்துவிடுங்கள். தாமரை பார்க்க ஜூலை, ஆகஸ்டில் போகலாம், மழையும் அப்போதுதான்.

சைவத்தில் கவனம் தேவை. டோஃபு (சோயா பனீர்) என்று நம்பிச் சாப்பிட்டால் அதில் பன்றிக் கொத்துக்கறி கலந்திருக்கலாம். வெறும் கீரையைக்கூட இறைச்சிச் சாற்றில் வதக்குவார்கள். ‘இறைச்சி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு, விலங்குக் கொழுப்பு வேண்டாம்’ என்று ஒவ்வொன்றாகச் சீன மொழியில் எழுதி செல்போனில் வைத்துக் காட்டுங்கள். ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் சாறும் கொழுப்பும் கணக்கில் வராது. பட்டாணியை வேகவைத்து மசித்து, சர்க்கரை சேர்த்து உறையவைத்த மஞ்சள் துண்டு ‘வாந்தௌஹுவாங்’ பெய்ஹாயின் பேர்போன இனிப்பு, தயங்காமல் வாங்கலாம். பணத்துக்கு, அலிபே என்ற சீனப் பணப் பரிமாற்றச் செயலியில் உங்கள் விசா அல்லது மாஸ்டர்கார்டை ஊரிலிருந்தே இணைத்துவிடுங்கள். சரிபார்க்கும் ஓடிபி இந்திய எண்ணுக்கு வரும் என்பதால் அந்த சிம்மில் ரோமிங் போட்டுக்கொள்வது அவசியம். சில நூறு யுவான் ரொக்கமும் சட்டைப் பையில் இருக்கட்டும்.