பொட்டாசியம் 2.3 வந்த பையன் காவடி எடுக்கலாமா?

கேள்வி: டாக்டர், நான் பினாங்கு பிறையில இருந்து எழுதுறேன். என் மகனுக்கு 17 வயசு, இந்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை. ஒருநாள் ஃபுட்சால் ஆடிட்டு வந்தவன் ராத்திரி கைகால் இழுத்துக்கிட்டு எந்திரிக்கவே முடியாம போயிட்டான். ஆஸ்பத்திரியில பாத்தா பொட்டாசியம் 2.3ன்னாங்க. அப்புறம் ஜெனெடிக் டெஸ்ட் எடுத்து பார்ட்டர் சிண்ட்ரோம் டைப் 3, சிஎல்சிஎன்கேபி ஜீன்ல ரெண்டு காப்பியிலயும் ஒரே டெலிஷன், அதாவது ஒரே மாதிரி ஜீன் காணாம போயிருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. சொந்தக்காரங்க எல்லாம் சீக்கிரம் டயாலிசிஸ்தான்னு பயமுறுத்துறாங்க. என் வீட்டுக்காரர் எனக்கு அத்தை மகன், மாமியார் என்னடான்னா எல்லாம் உன் வயித்துல வந்த கோளாறுன்னு சொல்றாங்க. பையன் தைப்பூசத்துக்கு காவடி நேர்ந்துக்கிட்டான், விடலாமா? 13 வயசு மகளுக்கும் டெஸ்ட் எடுக்கணுமா?

பதில்: அம்மா, முதல்ல அந்த டயாலிசிஸ் பேச்சை ஓரமா வைங்க. சொந்தக்காரங்களுக்கு கிட்னின்னாலே இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய்ல கெட்டுப்போற கிட்னிதான் தெரியும், இது வேற. உங்க பையனோட கிட்னி ரத்தத்தை நல்லாதான் வடிகட்டுது, வடிகட்டின உப்பைத் திருப்பி எடுக்குற இடத்துலதான் கோளாறு. நம்ம எல்லாருக்கும் ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் தண்ணி கிட்னியில வடியுது, அதுல கிட்டத்தட்ட எல்லாத்தையும் கிட்னிக்குள்ள இருக்குற சின்னச்சின்ன குழாய்ங்க திரும்ப உறிஞ்சிக்குது, அதனாலதான் நாம ஒண்ணரை ரெண்டு லிட்டரோட பாத்ரூம் போயிட்டு வர்றோம். அந்தக் குழாய்ல ஒரு பகுதியில மட்டும் வடிகட்டின உப்புல கால்வாசி திரும்ப வருது. உங்க பையனுக்கு அடி விழுந்திருக்கிறது அந்த இடத்துல.

அங்க என்ன நடக்குதுன்னா, சிறுநீர் பக்கத்துல இருந்து சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூணும் ஒண்ணா செல்லுக்குள்ள வரும், வந்த குளோரைடு அடுத்த பக்கம் ரத்தத்துக்குள்ள போகணும், அப்படிப் போற வழிதான் அயன் சேனல்ங்கிறது. அந்த வழியைக் கட்டுற ஜீன்தான் உங்க ரிப்போர்ட்ல இருக்குற சிஎல்சிஎன்கேபி. பினாங்கு பாலத்துக்கு வர்ற வண்டியெல்லாம் பிறை டோல்ல வெளிய போற லேன் மூடியிருந்தா என்ன ஆகும், பின்னாடி இருக்குறவங்க உள்ளயே வர முடியாதுல்ல, அதேதான். குளோரைடு வெளிய போகாம தேங்கினதும் உள்ள வர்ற வேலையும் நின்னு போயிடுது, உப்பு நிறைய சிறுநீரோட போயிடுது.

பொட்டாசியம் ஏன் குறையுதுன்னு இப்ப சொல்றேன், இதைப் புரிஞ்சிக்கிட்டா மருந்து ஏன் அப்படித் தர்றாங்கன்னும் புரியும். உப்பு இப்படிப் போறதைப் பாத்ததும் உடம்பு ஐயோ ரத்த அளவு குறையுதேன்னு ரெனின், ஆல்டோஸ்டிரோன்ங்கிற ஹார்மோன் ரெண்டையும் ஏத்திடும். ஆல்டோஸ்டிரோன் குழாயோட கடைசிப் பகுதியில நின்னு சோடியத்தைப் பிடிச்சு உள்ள இழுக்கும், இழுக்கும்போது பொட்டாசியத்தையும் ஆசிட்டையும் வெளிய தள்ளும். அதனாலதான் பையனோட ரிப்போர்ட்ல பொட்டாசியம் கம்மி, ரத்தத்தோட காரத்தைக் காட்டுற பைகார்பனேட் கூட, ஆனா பிரஷர் மட்டும் நார்மலா இருக்கும், சில பேருக்கு அதுக்கும் கீழ. பிரஷரும் கூடி பொட்டாசியமும் குறைஞ்சா நாங்க வேற பக்கம் யோசிப்போம், லிடில் சிண்ட்ரோம்னு ஒண்ணு இருக்கு, அதுல சோடியம் சேனல் மூடவே மூடாம திறந்தே கிடக்கும், இதுக்கு நேர் எதிர்.

அமெரிக்காவுல ஃபிரெடரிக் பார்ட்டர்ங்கிற டாக்டர் 1962ல இந்த நோயைப் பத்தி எழுதினார், உங்க பையனோட ஜீனை 1997ல கண்டுபிடிச்சாங்க. நடுவுல 35 வருஷம் காரணம் சரியா தெரியாமலேயே வைத்தியம் பாத்தாங்க. இந்த ஜீனுக்குப் பக்கத்துலயே அச்சா அதே மாதிரி இன்னொரு ஜீன் இருக்கு, அதனால அடிக்கடி முழு ஜீனுமே காணாம போயிடும், சாதாரணமா ஜீனோட எழுத்தைப் படிக்கிற டெஸ்ட்ல இது தப்பிச்சிடவும் வாய்ப்பு இருக்கு. உங்களுக்கு டெலிஷனையும் பாத்துச் சொல்லியிருக்காங்க, நல்ல லேப். அந்த அண்ணன் தம்பி ஜீன் நல்லா இருக்குறதாலதான் பையனுக்குக் காதும் நல்லா கேக்குது, இதே நோயோட டைப் 4ல இந்த ரெண்டு ஜீனும் கட்டுற சேனலுக்கும் தேவையான ஒரு புரோட்டீனே கெட்டுடும், அந்தப் பிள்ளைங்களுக்குப் பிறவியிலேயே காது கேக்காது.

சின்ன வயசுல அவன் உப்பை நக்கியிருப்பானே? கிச்சாப் ஊத்தி ஊத்தி சாப்பிடுறது, அசாம் போய்ங்கிற உப்புப் புளிப்பு மிட்டாய்ப் பழ பாக்கெட்டைத் தீத்துடுறது, ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு பாத்ரூம் போறது, ஒல்லியா இருக்கிறது. திட்டியிருப்பீங்க. உடம்பு இழந்ததைத்தான் அவன் தேடியிருக்கான், இனிமே உப்பை மட்டும் தடுக்காதீங்க, கருவாடு, இக்கான் பிலிஸ்ங்கிற நெத்திலி, ஊறுகா எல்லாம் தாராளமா சாப்பிடட்டும். வீட்டுல பிரஷர் இருக்குற தாத்தாவுக்குச் சொன்ன அட்வைஸ் இவனுக்குச் செல்லாது.

வாழைப்பழமும் இளநியும் குடுத்தா போதுமான்னு அடுத்து கேப்பீங்க. ஒரு வாழைப்பழத்துல சுமார் 10 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கு, ஒரு 600 மில்லிகிராம் பொட்டாசியம் குளோரைடு மாத்திரையில 8. கணக்கு சமமா தெரியும், ஆனா பழத்துல இருக்குறது குளோரைடா இல்ல, இவன் இழக்குறது பொட்டாசியமும் குளோரைடும் சேர்த்து, அதனால பழம் சாப்பிடட்டும், மாத்திரைக்குப் பதிலா வேணாம். மிஸ்ட் கேசிஎல்ங்கிற பொட்டாசியம் குளோரைடு தண்ணி மருந்து குடுத்திருந்தா அது கசப்பும் எரிச்சலுமா இருக்கும், சாப்பாட்டுக்கு அப்புறம் நிறைய தண்ணி கலந்து, நாள் முழுக்கப் பிரிச்சுப் பிரிச்சுக் குடிக்கணும், ஒரே மடக்குல குடிச்சா வயிறு ஏத்துக்காது. பொட்டாசியம் சிட்ரேட்னு யாராவது மாத்திக் குடுத்தா வாங்காதீங்க, ரத்தத்துல இருக்குற காரத்தன்மை இன்னும் ஏறும். நார்மல் ஆரம்பிக்கிற 3.5க்கு வந்தே ஆகணும்னு துரத்தவும் வேணாம், பல பேருக்கு 3.0 கிட்ட நிக்கிறதே நல்ல கன்ட்ரோல்தான், அதுக்கு மேல ஏத்தணும்னு டோஸைக் கூட்டினா வயித்துப்போக்கு வந்து உள்ளதும் போயிடும்.

மெக்னீசியம் பாத்தாங்களான்னு கேளுங்க. மெக்னீசியம் குறைஞ்சிருந்தா எவ்வளவு பொட்டாசியம் குடுத்தாலும் நிக்காது, ஏன்னா பொட்டாசியம் வெளிய போற சேனலை செல்லுக்குள்ள இருந்து பாதி அடைச்சு வச்சிருக்கிறதே மெக்னீசியம்தான். இண்டோமெதாசின் மாதிரி வலி மாத்திரை சில பேருக்கு இதுல நல்லா வேலை செய்யும், ஆனா கிட்னி ஸ்பெஷலிஸ்ட் ரத்தம் பாத்துப் பாத்துத் தர்றது அது, நீங்களே பார்மசியில டைக்ளோஃபெனாக் வாங்கிக் குடுத்தா, அதுவும் தண்ணி வத்திக் கிடக்குற நேரத்துல, நல்லா இருக்குற வடிகட்டியும் போயிடும். வருஷக்கணக்கா பொட்டாசியம் ரொம்பக் கீழயே கிடந்தாலும் கிட்னி தேயும், அந்த அளவுக்கு உங்க சொந்தக்காரங்க சொல்றதுல ஒரு ஓரத்துல உண்மை இருக்கு, அதனாலதான் கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினினை விடாம பாக்கச் சொல்றோம். இன்னொண்ணு, இருமலுக்குன்னு நாட்டு மருந்துக்கடையில தர்ற அதிமதுரம், சீன மருந்துக்கடை மூலிகைத் தண்ணியிலயும் அது நிறைய சேரும், இவனுக்கு ஆகவே ஆகாது, அதுவும் பொட்டாசியத்தை இறக்கும்.

காவடிக்கு வர்றேன். சாமி காரியத்துல டாக்டர் குறுக்க வரக்கூடாதுன்னு நினைக்கிறவன் நான், ஆனா பொட்டாசியம் 2.3ல இருந்த பையன் பட்டினி விரதம் இருந்து, வெயில்ல ரோட்டுல நடந்து, வேர்த்துக் கொட்டி, தண்ணீர்மலை முருகன் கோயில் படியும் ஏறினா தசை மட்டும் இழுக்காது, இதயத்துடிப்பே தடுமாறும், அப்படியே விழுந்துடலாம். இந்த வருஷம் பெரிய காவடி வேணாம். மூணு நாலு மாசம் தொடர்ந்து ரத்தம் ஒரே லெவல்ல நின்னு, இசிஜியும் நல்லா இருந்து, உங்க டாக்டரும் சரின்னா, அடுத்த முறை வெயில் ஏறுறதுக்கு முன்னாடி விடிகாலையில பால்குடம் எடுக்கட்டும். சைவம் இருக்கலாம், ஒரு வேளை சாப்பாடு, பட்டினின்னு மட்டும் வேணாம், மாத்திரை எந்த விரதத்தையும் முறிக்காது, குருக்கள்கிட்டயே கேட்டுப் பாருங்க. வழியில தண்ணீர் பந்தல்ல வெறும் தண்ணியா வாங்கி வாங்கிக் குடிக்காம உப்பு போட்ட மோர் குடிக்கச் சொல்லுங்க, கலர் தண்ணியும் ஐசோடானிக் டின்னும் இவன் இழப்புக்குப் பத்தாது.

காவடியை விட எனக்குப் பயம் வாந்தி பேதி வர்ற நாள். ரெண்டு வேளை மருந்து வயித்துல தங்கலன்னா காத்திருக்காம எமர்ஜென்சிக்குப் போங்க, டிரிப்ஸ்ல போட வேண்டியிருக்கும். நோய் பேரு, ஜீன் பேரு, வழக்கமான பொட்டாசியம் லெவல், இந்த மூணையும் எழுதி பையனோட ஐசி, அதாவது அடையாள அட்டை பின்னாடி வச்சிடுங்க. பல்லு புடுங்குறதா இருந்தாலும் ஆபரேஷனா இருந்தாலும் முன்கூட்டியே காட்டணும், சில ஆன்டிபயாட்டிக்கும் வாந்தி மருந்தும் பொட்டாசியம் குறைஞ்ச இதயத்துக்கு ஆகாது.

மாமியார் விஷயம். இந்த நோய் வரணும்னா அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, ரெண்டு காப்பியும் கெட்டிருக்கணும், ஒரு பக்கம் மட்டும்னா நோயே வராது. ரெண்டுலயும் ஒரே டெலிஷன், நீங்க அத்தை மகனைக் கட்டியிருக்கீங்க, அப்ப அது உங்க ரெண்டு பேருக்கும் பொதுவான தாத்தா பாட்டியில ஒருத்தர்கிட்ட இருந்து வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் உங்க அப்பா வழியா உங்களுக்கு, இன்னொரு பக்கம் உங்க அத்தை வழியா அவர் மகனுக்கு. அதாவது பேசுற மாமியார்கிட்டயே அந்த ஜீன் இருக்கலாம். சொல்லிக் காட்டச் சொல்லல, சண்டை வேணாம், ஆனா நீங்க ராத்திரி அழுதுக்கிட்டு இருக்க வேணாம்.

மகளுக்கு இப்ப தேவை சாதாரண ரத்த டெஸ்ட்தான், பொட்டாசியம், பைகார்பனேட், மெக்னீசியம், கிளினிக்லயே எடுத்துடலாம். அது நார்மலா இருந்து அவளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லன்னா நோய் இல்லன்னு எடுத்துக்கலாம், ஆனா ஜீனைச் சுமக்குறவளா இருக்க மூணுல ரெண்டு பங்கு வாய்ப்பு. சுமக்குறதால அவ உடம்புக்கு ஒண்ணும் ஆகாது, நீங்க ரெண்டு பேரும் நல்லாதானே இருக்கீங்க. அந்த டெஸ்ட் அவ வளர்ந்து, கல்யாணப் பேச்சு வர்றப்ப, அவளே முடிவு பண்ணி எடுத்துக்கட்டும். சொந்தத்துல மாப்பிள்ளை பாக்குறதா இருந்தா மட்டும் ரெண்டு பேரையும் ஜெனெடிக் கவுன்சிலிங்குக்கு அனுப்புங்க, கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரியிலயும் மலாயா பல்கலைக்கழக மருத்துவமனையிலயும் அந்தப் பிரிவு இருக்கு, உங்க டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டுப் போனா போதும்.