வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தையைப் பள்ளியில் எப்படிப் பாதுகாப்பது?

வேர்க்கடலை ஒவ்வாமை என்பது, கடலையில் உள்ள புரதத்தை உடலின் நோய் எதிர்ப்பு சக்தி எதிரி என்று நினைத்துத் தாக்குவது. வீட்டுக்கு வந்த விருந்தாளியைத் திருடன் என்று கூச்சல் போட்டு ஊரையே கூட்டுவது மாதிரி. அந்தக் களேபரத்தில் ஹிஸ்டமின் போன்ற பொருட்கள் வெளியாகி, தோல் தடிக்கும், உதடு வீங்கும், வாந்தி வரும். சில குழந்தைகளுக்கு மூச்சே திணறும்.

பள்ளியில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது டிபன் பாக்ஸ் பகிர்வதைத்தான். கடலை மிட்டாய் கண்ணுக்குத் தெரியும். சட்னியில் அரைத்ததும் புளியோதரைப் பொடியில் கலந்ததும் தெரியாது. அதனால் வீட்டுச் சாப்பாடு மட்டும்தான் என்று குழந்தையிடமும் வகுப்பு ஆசிரியரிடமும் சொல்லிவையுங்கள். பிறந்தநாள் இனிப்புக்கும் இதே விதிதான். சாப்பிட்டதும் எல்லாக் குழந்தைகளும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். சானிடைசர் கடலைப் புரதத்தை நீக்காது.

மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால், மருத்துவர் எழுதித் தந்த அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்பக்கத்தில் போட்டுவிட்டு உடனே 108. அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. ஊசி எங்கே இருக்கும், யார் போடுவார் என்பதைப் பள்ளியில் முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

அப்புறம், ‘கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்’ என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அது மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே செய்யும் சிகிச்சை, நாமாகச் செய்தால் உயிருக்கே ஆபத்து.