ரசனை இல்லையா, வரி புரியவில்லையா?

கேள்வி: ஓராண்டாகப் பிரெஞ்சுப் படங்களாகத் தேடிப் பார்த்து வருகிறேன். நல்ல படங்களை நண்பர்களுக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்கிறேன். பட்டியலே எழுதிக் கொடுத்துப் பார்த்துவிட்டேன், ஒருவரும் பார்ப்பதில்லை. பால்மரம் சீவி ஓய்வுபெற்ற என் மாமா பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டார். அதே தமிழ் மசாலாப் படங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். தோட்டப்புற மக்களுக்கு சினிமா ரசனை கிடையாது என்று நான் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? நம் வாசகர்கள் பார்க்க வேண்டிய பத்து பிரெஞ்சுப் படங்களையும் வரிசைப்படுத்திச் சொல்லுங்கள்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பத்தாங் பெர்ஜுந்தை, மலேசியா)

பதில்: ஒப்புக்கொள்ள மாட்டேன், தம்பி. பட்டியலும் தர மாட்டேன். நீங்கள் ஏற்கெனவே ஒன்று கொடுத்துப் பார்த்து, அது யாருக்கும் உதவவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே.

முதலில் நான் உங்களை ஒன்று கேட்கிறேன். மாமா உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிடமும் திரையின் அடியில் எந்த மொழியில் மொழிபெயர்ப்பு வரி ஓடியது? ஆங்கிலத்தில்தானே? உங்கள் மாமா வயதுக்காரர்கள் பலர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்கள். தமிழ்ப் பத்திரிகையை ஒரு மூலை விடாமல் படிப்பார்கள், மலாய் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் இரண்டு விநாடியில் மறையும் ஆங்கில வரியைப் பிடிக்க முடியாது. பிடிக்க முடியவில்லை என்று அக்காள் மகனிடம் சொல்லவும் வாய் வராது. எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் அதற்கு ரசனை இல்லை என்று பெயர் வைத்துவிட்டீர்கள். என் கணிப்பு தவறென்றால் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

அந்தக் காலத்தில் நம் அரசுத் தொலைக்காட்சியான ஆர்.டி.எம்.மில் தமிழ்ப் படம் போட்டால் அடியில் மலாய் வரி வரும். பக்கத்து மலாய்க் கம்பத்துக்காரர்கள் அந்த வரியைப் படித்துக்கொண்டே நம்மோடு சேர்ந்து சிவாஜிக்கு அழுதார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. வரி புரிந்தது, அவ்வளவுதான். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த ஒரு வசதியை யாரும் பிரெஞ்சுப் படத்தில் செய்து தரவில்லை.

ரசனையைப் பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன். நான் பிறந்த தோட்டத்தில் திருவிழாவுக்கும் சம்பள வாரத்துக்கும் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து பாயும் சாக்கும் கொண்டுபோய் விரிப்போம். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் போய் உட்காருவார்கள். அவர்களுக்குப் படம் இடவலம் மாறித் தெரியும், அதையும் முழுசாகப் பார்ப்பார்கள். மறுநாள் விடியற்காலை பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்வரை அந்தப் படம்தான் பேச்சு. தங்கையை இப்படி ஏமாற்றியவனைக் கடைசியில் மன்னித்தது நியாயமா, அந்தப் பாட்டு அந்த இடத்தில் தேவையா என்று தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டே விவாதிப்பார்கள். படத்தில் நியாயம் தவறினால் தோட்டமே அதை ஒரு வாரம் விடாது. அந்தக் கூட்டத்துக்கு ரசனை கிடையாது என்று நீங்கள் சொல்வதை நான் எப்படி ஒப்புக்கொள்வேன்?

இன்னொன்றும் கேளுங்கள். என் பெரியம்மா கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உதிரிப்பழம் பொறுக்கியவர். குலை வெட்டிச் சாய்த்ததும் தெறித்து விழும் பழங்களைப் புல்லிலும் முள்ளிலும் கைவிட்டுப் பொறுக்கி மூட்டை கட்ட வேண்டும். நன்றாகப் பழுத்ததுதான் உதிரும், எண்ணெயும் அதில்தான் அதிகம். அந்த எண்ணெய்க்காகக் குனிந்து குனிந்து முதுகு போனது பெரியம்மாவுக்கு. அவருக்கு நான் பிரெஞ்சுப் பெண் இயக்குநர் ஆக்னஸ் வார்தா 2000இல் எடுத்த ஆவணப்படம் ஒன்றைக் காட்டினேன். பிரெஞ்சில் 'லே க்ளானர் எ லா க்ளானஸ்'. அறுவடை முடிந்த நிலத்தில் மிஞ்சியதைப் பொறுக்குகிறவர்கள் என்று பொருள். தமிழில் ஒற்றைச் சொல்லாகப் பெயர்க்கப் போனால் வசையில் போய் முட்டிக்கொள்ளும். பொறுக்கி வாழ்கிறவனைத் திட்டுவதற்கென்றே ஒரு சொல்லை நாம் வைத்திருக்கிறோம்.

அது 82 நிமிடப் படம். எங்களுக்கு இரண்டு சாயங்காலம் ஆனது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி, திரையில் பேசுவதைத் தமிழில் சொன்னேன். சந்தைக்கு ஒத்துவராத உருளைக்கிழங்கை நிலத்திலேயே கொட்டிவிட்டுப் போகிறார்கள். ஜனங்கள் பையோடு வந்து அள்ளுகிறார்கள். வார்தாவும் குனிந்து, இதயம் போல வளைந்த கிழங்குகளாகப் பார்த்துப் பொறுக்கி வீட்டுக்கு எடுத்துப்போகிறார். அப்புறம் ஒரு வழக்கறிஞர் கறுப்பு அங்கியோடு வயலில் நின்று சட்டப் புத்தகத்தை விரிக்கிறார். அறுவடை முடிந்த நிலத்தில், சூரியன் உதித்து மறைவதற்குள், மிஞ்சியதை எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். பெரியம்மா "நிறுத்து" என்றார். "இங்க ஒரு பழத்த மடியில போட்டா கேட்டுல நிறுத்தி உதறச் சொல்லுவான். அங்க கோர்ட்டுக்காரரே வந்து எடுத்துக்கோன்னு சொல்றாரா?" ஆமாம் என்றேன். மறுபடி போடச் சொன்னார். மூன்று தடவை பார்த்தார்.

அதே படத்தில் சந்தை கலைந்த பிறகு கீழே கிடக்கும் கீரையையும் பழத்தையும் எடுத்து அங்கேயே நின்று தின்கிற ஒருவர் வருகிறார். படித்தவர். தான் தங்கியிருக்கும் விடுதியில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு இரவு நேரத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறார், சம்பளமில்லாமல். பெரியம்மா கேட்டது இதுதான்: "அந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" பிறகு தோட்டத்தில் ராப்பள்ளி நடத்திய ஒரு வாத்தியாரைப் பற்றி அரைமணி நேரம் சொன்னார். இருபது வருஷமாக அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத கதை அது.

வார்தா அப்போது எழுபதைத் தாண்டியவர். சின்ன டிஜிட்டல் கேமராவைத் தன் கைமீதே திருப்பி, சுருங்கிய தோலைக் கிட்டத்தில் காட்டுகிறார். அந்த இடத்தில் மொழிபெயர்க்க எதுவும் இருக்கவில்லை. பெரியம்மா தன் வலது கையைத் தூக்கி, டிவி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் அவருக்கு முழுசாக மடங்காது.

தம்பி, வார்தாவைப் பற்றி எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன். பெரியம்மா மூன்று தடவை ஓடவிட்ட அந்தக் காட்சிக்குப் பிறகுதான் அந்தப் படம் எனக்கே முழுசாகப் புரிந்தது.

அதனால்தான் பட்டியல் வேண்டாம் என்கிறேன். படத்தைச் சொல்வதென்றால் யாருக்கு என்று தெரிந்து சொல்ல வேண்டும். உங்கள் மாமா மரம் சீவியவர். எவ்வளவு ஆழம் போனால் பால் வரும், எவ்வளவு போனால் மரம் காயப்படும் என்று விரலில் கணக்கு வைத்திருந்தவர். அவருக்கு ரொபேர் ப்ரெஸோன் 1956இல் எடுத்த சிறைப் படத்தைக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் 'எ மேன் எஸ்கேப்டு' என்று தேடினால் கிடைக்கும். 1943, லியோன் நகரச் சிறை, ஜெர்மானியர் பிடியில் ஒரு பிரெஞ்சுக்காரன். தப்பிவிட்டான் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டியிருக்கும். ஓர் இரும்புக் கரண்டியின் காம்பைத் தரையில் தேய்த்து உளியாக்குகிறான். கதவுப் பலகை கெட்டியான ஓக், பலகைகளைச் சேர்த்திருக்கும் இணைப்பு அதைவிட மிருதுவான மரம். அந்த இணைப்பை நாள்கணக்கில் சுரண்டுகிறான். விழும் துருவலைக் காவலாளி கண்ணில் படாமல் கூட்டி எடுக்கிறான். பேச்சு ரொம்பக் குறைவு. கையும் கருவியும் மரமும்தான் படம். மெதுவாகப் போகிறது என்று உங்கள் நண்பர்கள் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும். உளி பிடித்த கைக்கு அது மெதுவாகத் தெரியாது என்று நம்புகிறேன்.

உங்கள் ஊரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்திலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைச் சாகுபடி தொடங்கியது. தொடங்கியவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் தோட்ட முதலாளி. தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய 'மலேசி' நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசு கிடைத்தது. ஆக, பிரெஞ்சுக்காரர்கள் நம்மைப் பார்த்து எழுதி நூறு வருஷம் ஆகப்போகிறது. அவர்கள் எடுத்த படத்தை நாம் பார்த்து அபிப்பிராயம் சொல்வதில் அந்நியம் ஒன்றுமில்லை. பாதிக் கணக்கு இன்னும் பாக்கி.

இதை மனசில் வைத்துக்கொண்டு 'இந்தோஷீன்' பாருங்கள். 1992இல் ரெஜிஸ் வார்னியே எடுத்த படம், சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. வியட்நாமில் ரப்பர் தோட்டம் நடத்தும் பிரெஞ்சு முதலாளியம்மாவாகக் கத்ரீன் தெனூவ். நம் பினாங்கில் எடுத்த காட்சிகளும் உண்டு. படம் கண்ணுக்கு அழகு, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஓடிப்போன கூலியை அந்த அம்மா அடிக்கும் இடத்தில், பிள்ளையை அடிக்க எந்தத் தாய்க்கும் பிடிக்குமா என்கிறாள். நீங்கள்தான் எனக்குத் தாயும் தகப்பனும் என்று அவன் பதில் சொல்கிறான். அந்த இடத்தில் எனக்கு ரத்தம் கொதித்தது. லயத்தில் பிறந்த யாருக்கும் கொதிக்கும். பாரிஸில் இருந்து பார்க்கிறவருக்கு அது வேறு மாதிரித் தெரியலாம். உங்கள் மாமா அந்தக் காட்சியைப் பற்றிப் பேசினால் எந்த விமர்சகரும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

பிரெஞ்சு என்பதற்காக எல்லாமே நல்ல படம் என்று நினைத்துவிடாதீர்கள். இயக்குநர் கோதாரின் பிற்காலப் படங்கள் சிலவற்றில் எனக்கு மனம் ஒட்டவே இல்லை, பாதியில் நிறுத்தியிருக்கிறேன். தமிழ்ப் படத்தை மட்டம் தட்டுவதற்குப் பிரெஞ்சுப் படத்தைக் கையில் எடுக்கவும் வேண்டாம். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டியபோது முதலில் ஓடியது எது தெரியுமா? வேலை முடிந்து தொழிற்சாலைக் கதவு வழியாக வெளியே வரும் தொழிலாளிகள், அதிலும் பெண்கள்தான் நிறைய. ஒரு நிமிடம்கூட இல்லை. பிரெஞ்சு சினிமா அங்கிருந்து புறப்பட்டது. அதைப் போய் நம் ஜனங்களுக்கு எட்டாத பொருள் என்கிறீர்களே!

சரி, செய்ய வேண்டியது இதுதான். இந்தச் சனிக்கிழமை மாமா வீட்டுக்குப் போங்கள். முழுப் படத்தையும் போட வேண்டாம், கரண்டியைத் தேய்க்கும் இடத்திலிருந்து கதவு திறக்கும் வரைக்கும் போதும். பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லுங்கள். அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள், நடுவில் பேச ஆரம்பித்தால் பேச விடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதி அனுப்புங்கள். திட்டியிருந்தாலும் பரவாயில்லை, ஒரு சொல் மாற்றாமல் அடுத்த இதழில் இதே பக்கத்தில் போடுகிறேன்.