பட்டிமன்றத்துக்கு ஏற்ற தலைப்பா இது?

கேள்வி: தக்கலைப் பக்கம் ஒரு கிராமத்து இளைஞர் மன்றத்துக்கு நான் செயலாளர். ஆண்டு விழாவில் வழக்கமாகப் பட்டிமன்றம் உண்டு. இந்த வருஷம் ‘திருநங்கையர் உரிமை: சமூக வளர்ச்சியா, சமூகச் சீரழிவா?’ என்று தலைப்பு பேசி வைத்திருக்கிறோம். என் பெரியப்பாவின் பிள்ளை ஒருவர் திருநங்கை. எனக்கு அவர் அக்கா. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறார், விழாவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மன்றத்தின் பொருளாளர் ஓய்வு பெற்ற ஆசிரியர், எனக்கே பாடம் எடுத்தவர். ‘சீரழிவு’ அணியில்தான் பேசுவேன் என்று நிற்கிறார். கெட்ட மனிதர் இல்லை. அக்கா மனம் நோகக் கூடாது, சாரும் அவமானப்படக் கூடாது. எப்படி நடத்துவது? அக்காவை மேடையில் பேச வைக்கலாமா?

பதில்: நோட்டீஸ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால் முதலில் அந்தத் தலைப்பை எடுத்துவிடுங்கள் தம்பி. மற்றதெல்லாம் அப்புறம்.

நாகர்கோவிலில் இருபது வருஷமாக வக்கீலாக இருக்கிறேன். அதில் பாதி நேரம் சமரசப் பேச்சுக்கே போகிறது. முகம் பார்க்க மறுக்கும் இரண்டு பேரை ஒரே மேஜையில் உட்கார வைக்கிற வேலை. அந்த அனுபவத்தில் இருந்துதான் சொல்கிறேன்.

பட்டிமன்றம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்கென்று சில பழக்கங்கள் இருக்கின்றன. இரண்டு அணி வேண்டும், ஒன்று தோற்க வேண்டும், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கூட்டம் சிரிக்க வேண்டும். ‘குடும்பத்தின் நிம்மதி கணவன் கையிலா, மனைவி கையிலா’ என்றால் யார் தோற்றாலும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து சாப்பிடலாம். உங்கள் தலைப்பில் ‘சீரழிவு’ ஜெயித்துவிட்டால்? தன்னைப் பற்றிய தீர்ப்பை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, உங்கள் அக்கா அதே ஆட்களோடு பந்தியில் உட்கார வேண்டும். சிரிப்பு விஷயத்தையும் யோசியுங்கள். பேச்சு தொய்கிற நேரத்தில் பேச்சாளர் எதைத் தேடிப் போவார் என்று உங்களுக்கும் தெரியும்: சினிமாவில் பார்த்த அந்தக் கைதட்டல், அந்தக் குரல். சார் செய்யமாட்டார். அவர் அணியில் மூன்றாவதாகப் பேச வரும் பையன் செய்வான்.

வழக்காடு மன்றமாக மாற்றலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதில் குற்றவாளிக் கூண்டே உண்டு. வேண்டாம்.

அப்படியானால் வாதமே கூடாதா? தாராளமாக வாதிக்கலாம். உங்கள் அக்கா இப்படி இருக்கலாமா என்று ஊர் வாதிக்க முடியாது. அவர் நம்மோடு இருக்கையில் பள்ளிக்கூடம், பஞ்சாயத்து, வாடகை வீடு இவற்றின் ஒழுங்குகள் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் காரசாரமாகவே வாதிக்கலாம். முன்னதில் ஒரு ஆள் தோற்கிறார், பின்னதில் ஒரு யோசனைதான் தோற்கும்.

எது ஏற்கெனவே முடிவான விஷயம் என்று பேச வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் திருநங்கையர், திருநம்பியரை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்தது. தன் பாலினம் எதுவென்று சொல்லும் உரிமை அந்த ஆளுக்கே உண்டு என்றும் சொன்னது. 2019-இல் நாடாளுமன்றம் போட்ட சட்டம் படிப்பு, வேலை, மருத்துவம், வீடு வாடகைக்கு எடுப்பது எதிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. பெற்றோர் இருக்கும் வீட்டில் வசிக்கும் உரிமையையும் எழுதி வைத்தது. நம் ஊரில் இந்தக் கடைசி விஷயம் தெரிந்தவர்கள் குறைவு. ‘வீட்டுப் படி ஏறக்கூடாது’ என்பதைக் குடும்பத்தின் சொந்த விஷயம் என்றே நினைக்கிறார்கள்.

சொத்தைப் பற்றிப் பேச்சு வரும். கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்தப் பேச்சும் கடைசியில் ஐந்து சென்ட் நிலத்தில்தான் வந்து நிற்கும். இந்துக் குடும்பங்களில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989-இலும் நாடாளுமன்றம் 2005-இலும் சட்டமாக்கிவிட்டன. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் வரும் கிறிஸ்தவர்களுக்கும் ஆண் பெண் வித்தியாசம் இல்லை. ஆகவே இந்தக் குடும்பங்களில் மகனாகப் பிறந்தவர் மகளாக வாழ்வதால் பங்கு கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. கல்யாணம் செல்லாது என்று ஒருவர் எழுந்து சொல்வார். தூத்துக்குடியில் ஒரு ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில், இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. இவை தகவல்கள். தகவலில் தப்பிருந்தால் திருத்தலாம், அதில் அணி பிரிக்க ஒன்றுமில்லை.

அணி பிரிக்க வேறு விஷயங்கள் நிறைய இருக்கின்றன. இடஒதுக்கீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு 2015-இல் திருநங்கையரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கைக்கு அதனால் என்ன பிரயோஜனம் என்று அவர்களுக்குள்ளிருந்தே கேள்வி வந்தது. எல்லாப் பிரிவுக்குள்ளும் குறுக்காக ஒரு பங்கு கொடு என்பது அவர்கள் கோரிக்கை. கர்நாடகம் 2021-இல் அரசு வேலையில் அப்படி 1 சதவீதம் ஒதுக்கியது. எது சரி? இதில் நல்ல மனம் உள்ளவர்கள் இரண்டு பக்கமும் நிற்கலாம். 2019 சட்டத்தையே பாருங்கள். அது வந்தபோது எதிர்த்தவர்களில் திருநங்கையரே முன்னால் நின்றார்கள். பாலியல் கொடுமைக்கு அதிகபட்சம் 2 ஆண்டு சிறை என்று எழுதியிருந்தது, ஒரு பெண்ணுக்கு அதே கொடுமை நடந்தால் தண்டனை பல மடங்கு. இதையெல்லாம் தெரிந்துகொண்டால் ‘அவர்கள் எல்லாரும் ஒரே கட்சி’ என்ற நினைப்பு கலையும். உங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் கழிப்பறை எப்படி அமைய வேண்டும் என்றுகூட ஒரு மணி நேரம் பேசலாம். சார் ஆசிரியராக இருந்தவர், அந்த விஷயத்தில் மேடையில் இருப்பவர்களிலேயே அதிகம் தெரிந்தவராகவும் அவர் இருக்கக்கூடும்.

சாரிடம் விழாவுக்கு முன்பே அவர் வீட்டுத் திண்ணையில் போய்ப் பேசுங்கள். சமரசத்தில் இதைத் தனி அமர்வு என்போம். எதிராளி முன்னால் சொல்ல முடியாததை மனிதர்கள் தனியாகச் சொல்வார்கள். ‘ஏன் சார் எதிர்க்கிறீர்கள்’ என்று கேட்டால் காரணங்களை அடுக்குவார். ‘யாருக்கு என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள் சார்’ என்று கேட்டுப் பாருங்கள். வருகிற பதிலில் மூன்று சரக்கு கலந்திருக்கும். ஒன்று தகவல்: ‘இதெல்லாம் பார்த்துப் பழகுவது’ என்பார். ஒரு மனிதரைப் பார்த்ததால் இன்னொருவர் பாலினம் மாறிவிடுவதில்லை என்று நிதானமாகச் சொல்லலாம். இன்னொன்று மத நம்பிக்கை. கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற மாவட்டம் நம்முடையது. ஒருவர் வேதத்தை இன்னொருவர் சட்டப் புத்தகத்தால் வெல்ல முடியாது, முயலவும் வேண்டாம். ‘உங்கள் நம்பிக்கை உங்கள் ஜெபத்திலும் வீட்டிலும் இருக்கட்டும் சார், ரேஷன் கடை வரிசை எல்லாருக்கும் பொது’ என்ற அளவில் நிறுத்துங்கள். மூன்றாவது பயம். ‘என் பேரன் இப்படி வந்து நின்றால் நான் என்ன செய்வேன்?’ பெரும்பாலும் அடியில் கிடப்பது இதுதான். இதற்குப் பதில் சொல்லாதீர்கள். கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.

நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் கடற்கரை ஊர் ஒன்றில் இதே விஷயம் பற்றிய கூட்டம். ஒரு முதியவர் மைக்கை வாங்கி ‘இந்த அரவாணிப் பிள்ளைகள்...’ என்று ஆரம்பித்தார். நான் பாய்ந்து, ‘அப்படிச் சொல்லக் கூடாது பாட்டா, திருநங்கை என்று சொல்லுங்கள்’ என்றேன். அவர் மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அதற்கப்புறம் யாரும் வாய் திறக்கவும் இல்லை. 2008-இல் அரசு தொடங்கிய நல வாரியத்துக்கே பெயர் அரவாணிகள் நல வாரியம்தான். அவர் மரியாதை என்று நினைத்த சொல்லையே எடுத்தார், நான் சபையில் வைத்து அவரைக் குட்டினேன். சொல்லைத் திருத்த வேண்டுமானால் நீங்கள் சரியான சொல்லை அடுத்த வாக்கியத்தில் பயன்படுத்துங்கள், போதும். கேட்பவர்களுக்குப் புரியும்.

சொல் தெரியாமல் தடுமாறுகிறவர்களுக்குத் தமிழ் ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. அவன் வந்தான், அவள் வந்தாள் என்பதில்தான் சிக்கல். ‘அவர் வந்தார்’ என்பதில் ஒரு சிக்கலும் இல்லை, மரியாதையும் சேர்ந்தே வருகிறது. உங்கள் அக்காவை நீங்கள் அக்கா என்றே கூப்பிடுங்கள், வாய் வராத பெரியவர்கள் ‘அவர்’ என்று சொல்லட்டும். ‘அது’ மட்டும் மேடையில் வரக்கூடாது. தொல்காப்பியமே இப்படிப்பட்டவர்களை உயர்திணையில் வைத்துத்தான் இலக்கணம் சொல்கிறது. என் அலுவலகத்தில் ஒரு பாகப் பிரிவினைப் பேச்சு. மகளாக வாழும் தன் பிள்ளையை அப்பா ‘அது’ ‘அது’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எதை வேண்டுமானாலும் பேசுங்கள், அந்த ஒரு சொல் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மகன் என்றும் சொல்ல மனமில்லை, மகள் என்றும் சொல்ல மனமில்லை. மூன்றாவது அமர்வில் ‘பிள்ளைக்கு அந்தத் தெற்குப் பக்கம் கொடுக்கலாம்’ என்றார். வேறு எதுவும் மாறியதா என்று எனக்குத் தெரியாது, பத்திரம் பதிவானது.

திருநங்கையர் உரிமைக்காகப் பேசுகிறவர்கள் கண்டிப்பாகத் தோள்சீலைப் போராட்டத்தை எடுப்பார்கள். எடுக்க வேண்டியதுதான். நம் மண்ணில் பெண்கள் மார்பை மறைத்ததே ஒழுங்கு மீறல் என்று அடிபட்டிருக்கிறார்கள். 1859-இல் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் அனுமதி கொடுத்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார். நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் மருமக்கள் வழியை விட்டு மக்கள் வழிக்கு வர 1926-இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. அதற்கு முன் அப்பாவின் சொத்து அத்தை பிள்ளைகளுக்குப் போனது, அதுவும் அன்றைக்கு ஊர் வழக்கம்தான். ஆனால் இவற்றைத் துருப்புச் சீட்டு போல சாரின் முகத்தில் வீசாதீர்கள். ‘அன்றைக்கு எங்கள் பாட்டியை அடித்தவர்களும் நீங்களும் ஒன்று’ என்று அவர் காதில் விழுந்தால் கதவு சாத்திவிடும். அடிபட்டது அவருடைய பாட்டியாகவும் இருக்கலாம். அந்தக் கதையை அவரையே சொல்லச் சொல்லுங்கள். எதிர்த்தவர்கள் அன்று என்ன காரணம் சொன்னார்கள் என்று கேளுங்கள். ஒப்பிடுவதும் ஒப்பிடாமல் விடுவதும் அவர் பாடு.

அக்காவை மேடையேற்றுவது பற்றி. முதலில் என்ன தலைப்பு, யார் பேசுகிறார்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. இன்றைக்கே போன் செய்யுங்கள். விடுமுறைக்குச் சொந்த ஊருக்கு வருகிறவர் விழா பார்க்கத்தான் வருகிறார், சாட்சி சொல்ல வரவில்லை. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதீர்கள். பேசுகிறேன் என்றால் எதைப் பற்றி என்பதை அவரே முடிவு செய்யட்டும். திருப்பூரில் நூறு பேரை வேலை வாங்குவது பற்றிப் பேசினாலும் நல்ல பேச்சுதான். ஆபரேஷன், உடம்பு, பழைய பெயர் இந்த மூன்றையும் யாரும் கேட்கக் கூடாது என்று நடுவரிடம் எழுதியே கொடுங்கள். நம் மாநிலப் பெண்களுக்கான இலவச நகரப் பேருந்தில் திருநங்கையரும் டிக்கெட் இல்லாமல் போகிறார்கள். கண்டக்டர் யாரையும் இந்தக் கேள்விகள் கேட்பதில்லை, பஸ் ஓடுகிறது.

அரங்க ஏற்பாட்டில் சில விஷயங்கள். நடுவர் என்பதற்குப் பதில் நெறியாளர் என்று போடுங்கள், தீர்ப்பு வேண்டாம். கூட்டத்தில் இருந்து வரும் கேள்விகளைத் துண்டுச் சீட்டில் வாங்கி நெறியாளரே வாசிக்கட்டும். கடினமான கேள்வியை ஒதுக்கக் கூடாது, கேட்கும் தொனியை மட்டும் அவர் மாற்றிக்கொள்ளலாம். யாராவது கிண்டலில் இறங்கினால் ‘இதைத் தலைப்போடு சேர்த்துச் சொல்லுங்கள்’ என்று ஒரு தடவை, அப்புறம் மைக் அடுத்தவருக்கு. முக்கியமாக, போனில் படம் எடுப்பதை நிறுத்துங்கள். ஒரு மணி நேரப் பேச்சில் முப்பது நொடியை வெட்டி யாராவது வாட்ஸ்அப்பில் விட்டால் மாட்டுகிறவர் அக்காவாகவும் இருக்கலாம், சாராகவும் இருக்கலாம்.

நோட்டீஸில் தலைப்பை ‘நம் ஊர்ப் பள்ளியும் பஞ்சாயத்தும் திருநங்கையருக்கு என்ன செய்ய வேண்டும்?’ என்று போட்டுப் பாருங்கள். சாரின் பெயர் முதலில் வரட்டும், வயதுக்கு மூத்தவர். அக்கா பேச ஒத்துக்கொண்டால் அவர் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அவரிடமே எழுத்துக்கூட்டிக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால் பழைய பெயரைத்தான் கொடுப்பார்கள்.