குதிரை போய்ச் சேரும் தூரத்தில் மருத்துவர்: 19-ஆம் நூற்றாண்டு பற்றிக் கேள்வி பதில்

ரயிலும் நல்ல சாலையும் எட்டாத ஊர்களில் அன்று மருத்துவம் எப்படி நடந்தது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: சார், நள்ளிரவில் ஒருவருக்கு முடியாமல் போனால் மருத்துவரை எப்படிக் கூப்பிட்டார்கள்?

வீட்டிலிருந்து ஒருவர் போய்த்தான் கூட்டிவர வேண்டும். அந்த நேரம் பார்த்து அவர் வேறு ஊருக்குக் கிளம்பியிருந்தால், காத்திருக்க வேண்டியதுதான். அமெரிக்க உட்பகுதிகளில் மைல் கணக்கில் கட்டணம் வாங்கினார்கள். தள்ளி இருப்பவருக்குச் செலவு அதிகம்; பணமில்லாதவர்கள் தானியமாகவும் கோழியாகவும் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். இந்தச் செலவுக்குப் பயந்தே கடைசி நேரத்தில் ஆள் அனுப்பியவர்கள் நிறைய.

கேள்வி: அப்படிப்பட்ட இடத்தில் அறுவைச் சிகிச்சையெல்லாம் நடந்ததா?

நடந்தது. 1809 டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜேன் டாட் க்ராஃபர்டு என்ற பெண்ணுக்கு வயிறு பெருத்துக்கொண்டே போனது. கர்ப்பம் என்றே நினைத்தார்கள். எஃப்ரைம் மெக்டவல் என்ற மருத்துவர் வந்து பார்த்து, கருப்பையை ஒட்டிய சூலகத்தில் கட்டி என்றார். டேன்வில்லில் உள்ள தன் வீட்டுக்கு வந்தால் வெட்டி எடுத்துப் பார்க்கலாம், பிழைப்பதற்கு உறுதியில்லை என்றும் சொன்னார். அந்த அம்மா குளிர்காலத்தில் சுமார் 60 மைல் குதிரையில் போனார். சேணத்தின் முன்கொம்பில் வயிறு அழுந்தி, தோல் கன்றிப்போயிருந்தது. மயக்க மருந்து அப்போது கிடையாது. 25 நிமிடத்தில் சுமார் 10 கிலோ கட்டி வெளியே வந்தது. ஐந்தாம் நாள் மெக்டவல் போய்ப் பார்த்தால், தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருந்தாராம்! அதற்குப் பிறகு 30 வருடங்களுக்கு மேல் வாழ்ந்தார். ஆனால் இது விதிவிலக்கு. இதை வைத்து அந்தக் காலத்தை எடைபோடாதீர்கள்.

கேள்வி: பிரசவம்?

ஊர் மருத்துவச்சிதான். பரிதாபப்பட அவசரப்படாதீர்கள்: நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளில் பிரசவக் காய்ச்சல் கொத்துக் கொத்தாகக் கொன்றது. வியன்னாவில் பிணத்தை அறுத்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வந்ததுதான் காரணம் என்று செம்மல்வைஸ் என்ற மருத்துவர் 1847-ல் கண்டுபிடித்தார். அதே சமயம், குழந்தை குறுக்கே கிடந்தால் மருத்துவச்சியால் எல்லாச் சமயமும் காப்பாற்ற முடிந்ததில்லை என்பதும் உண்மை.

கேள்வி: குளிர்சாதனப் பெட்டியே இல்லாமல் பெரியம்மைத் தடுப்பூசியை எப்படிக் கொண்டுபோனார்கள் ஐயா?

மனித உடம்பில் வைத்து! தடுப்பூசி போட்ட இடத்துக் கொப்புளத்தில் ஊறும் நீரை அம்மைப் பால் என்பார்கள்; கண்ணாடித் தகட்டில் காயவைத்த அந்தப் பால் நீண்ட பயணத்தில் கெட்டுப்போகும். அதனால் 1803-ல் ஸ்பெயினிலிருந்து கிளம்பிய பால்மிஸ் என்ற மருத்துவரின் குழு, 22 அநாதைச் சிறுவர்களைக் கப்பலில் ஏற்றியது. இரண்டு பேருக்குக் குத்துவார்கள். ஒன்பது, பத்து நாளில் கொப்புளம் முற்றும். அந்தப் பாலை எடுத்து அடுத்த இருவருக்குக் குத்துவார்கள். இப்படியே அமெரிக்கக் கண்டம் வரை அந்தச் சங்கிலி அறவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் கணிப்பு என்னவென்றால், தொலைதூர ஊர்களில் மருத்துவர் போய்க் காப்பாற்றிய உயிர்களைவிட, அவர் இல்லாமலே போய்ச் சேர்ந்த மருந்துச் சரக்கு காப்பாற்றிய உயிர்கள் அதிகம். மலேரியா மருந்தான கொய்னாவும் அப்படித்தான். 1820-ல் பாரிஸில் பிரித்தெடுத்தார்கள். 1832 முதல் அமெரிக்காவின் மிசூரியில் ஜான் சாப்பிங்டன் என்ற மருத்துவர் அதை மாத்திரையாக்கி, ஊர் ஊராகப் போகும் வியாபாரிகள் மூலம் விற்றார். மலேரியாவுக்கு வைத்தியம் என்று உடம்பிலிருந்து இரத்தத்தை வெளியேற்றிக்கொண்டிருந்த மருத்துவர்கள் அவரைத் திட்டினார்கள்.

கேள்வி: அரசாங்கம் எதுவும் செய்யவில்லையா?

அயர்லாந்தில் 1851 சட்டத்தால் ஏழைகளுக்கு வட்டார மருந்தகங்கள் வந்தன. ரஷ்யாவில் 1864-க்குப் பின் பல மாகாணங்களில் செம்ஸ்த்வோ என்ற உள்ளாட்சி மன்றங்கள் மருத்துவரை நியமித்தன. முதலில் அவர் ஊர் ஊராகச் சுற்றினார். பாதி நேரம் வண்டியிலேயே போனது. நடைமுறையில் நோயாளிகளைப் பார்த்தது ஃபெல்ட்ஷர் என்ற உதவியாளர்தான், பலர் பழைய ராணுவ ஆட்கள். 1892 காலரா சமயத்தில் மருத்துவராகவும் இருந்த எழுத்தாளர் செகாவ் ஒருவர் பொறுப்பில் மட்டும் 25 கிராமங்கள் இருந்தன.

கேள்வி: உள்ளூர் ஆட்களையே படிக்கவைத்திருக்கலாமே?

1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஷ் கிறீன் அதைத்தான் செய்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் வேலை தேடி வெளியே போய்விடுவதைப் பார்த்து, 1860-களில் தமிழிலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். 1873-ல் அவர் திரும்பிப் போவதற்குள் 60 பேருக்கு மேல் பயின்றிருந்தார்கள்.