சோக்கைத் திறந்தால் தடுமாறும் பவர் வீடர்: கோளாறை எங்கிருந்து தேடுவது?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் அருகே மஞ்சளும் வாழையும் பயிரிடுகிறேன். 7 குதிரைத்திறன் பெட்ரோல் பவர் வீடர் (களையெடுக்கும் எந்திரம்) ஒன்றை வைத்திருக்கிறேன். மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் நின்ற அதை இப்போது எடுத்தால், சோக் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை முழுவதும் திறந்துவிட்டால் இன்ஜின் ஏறி இறங்கி ஓடுகிறது; ஆக்சிலேட்டரைக் குறைத்தால் நின்றுவிடுகிறது. புது பிளக் போட்டும் சரியாகவில்லை. ஸ்லோ ஸ்பீடு ஸ்குரூவை ஏற்றி வைத்து ஓட்டலாமா?

பதில்: நீங்கள் எழுதியவற்றில் கோளாறைக் காட்டிக்கொடுப்பது சோக்கைப் பற்றிய வரிதான். சோக்கை மூடும்போது இன்ஜினுக்குள் போகும் காற்று குறைந்து, பெட்ரோலின் பங்கு கூடுகிறது. அந்த நிலையில் சீராக ஓடும் இன்ஜின், சோக்கைத் திறந்ததும் தடுமாறுகிறது என்றால், அதற்குக் கிடைக்கும் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். ஒன்று, பெட்ரோல் வரும் வழி அடைபட்டிருக்க வேண்டும். இல்லையேல், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையில் எங்கோ ஓர் இடுக்கு வழியாகக் காற்று நுழைந்துகொண்டிருக்க வேண்டும். மாதக்கணக்கில் பெட்ரோலுடன் நின்ற எந்திரம் என்பதால், முதலாவது காரணத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

இன்ஜின் ஏறி இறங்கி ஓடுவதும் இதே குறைபாட்டின் அறிகுறிதான். பெட்ரோல் போதாமல் வேகம் குறையும்போது, கவர்னர் (வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் பாகம்) அதை உணர்ந்து, கலவை போகும் வழியைத் திறந்து மூடும் தகடான திராட்டிலைத் திறக்கிறது. உடனே மெயின் ஜெட் (பெட்ரோல் வரும் முதன்மைத் துளை) வழியாகக் கூடுதல் பெட்ரோல் வந்து வேகம் ஏறுகிறது. வேகம் ஏறியதும் கவர்னர் திராட்டிலை மூட, மறுபடியும் பழைய தட்டுப்பாடு. கவர்னர் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. ஆகவே அதன் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டுவது, வேறு துளையில் மாட்டுவது போன்ற வேலைகளில் யாரையும் இறங்க விடாதீர்கள். இந்த வகை இன்ஜின்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3,600 முதல் 3,900 சுற்றுகளுக்குள் கட்டுப்படுத்தப்பட்டவை. அதைத் தாண்டி ஓடினால் கனெக்டிங் ராடு உடையும் அபாயம் உண்டு.

ஸ்லோ ஸ்பீடு ஸ்குரூவை ஏற்றுவதும் வேண்டாம். அது திராட்டில் தகட்டைச் சற்றுத் திறந்து வைக்குமே தவிர, அடைப்பை நீக்காது. மேலும், இன்ஜின் வேகம் கூடியதும் தானாகப் பிடித்துக்கொள்ளும் மையவிலக்கு கிளட்ச் உள்ள எந்திரங்களில், ஐடிலிங் வேகம் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) கூடினால் ஆக்சிலேட்டரைத் தொடாமலேயே கத்திகள் சுழலத் தொடங்கிவிடும். பவர் வீடரின் கத்திக்கு அருகில் கால் வைத்து நடக்கிற வேலை இது என்பதால், இதில் நான் எந்தச் சமரசத்துக்கும் இடம் கொடுக்க மாட்டேன்.

பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 முதல் விற்பனைக்கு வந்து, இன்று நாடெங்கும் பரவிவிட்ட பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். இந்தக் கலவைக்கு 13.5 கிலோ அளவில் வரும். அதாவது, தனிப் பெட்ரோலுக்கென்று துளையிடப்பட்ட ஜெட் வழியாக இந்தக் கலவையைச் செலுத்தும்போது, இன்ஜின் தொடக்கத்திலிருந்தே சற்றுப் பெட்ரோல் குறைவான நிலையில்தான் ஓடுகிறது. முன்பு பொறுத்துக்கொண்டிருக்கக்கூடிய சிறிய அடைப்பைக்கூட இப்போது அதனால் பொறுக்க முடிவதில்லை. தவிர, எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். மழைக்காலக் கொட்டகையில், பாதி காலியான டேங்க்கில் இது நடக்க எல்லா வாய்ப்பும் உண்டு. பழைய பெட்ரோலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் கொஞ்சம் பிடித்து அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால், டேங்க் முழுவதையும் வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள்.

வேலையைத் தொடங்குமுன் இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக் வயரைக் கழற்றிவிட வேண்டும். அருகில் நெருப்பு கூடாது. பெட்ரோல் காக்கை (டேங்க்கிலிருந்து வரும் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகை) மூடி, அதன் அடியில் உள்ள சிறிய கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுங்கள். பிறகு கார்புரேட்டரின் அடிப்பாகக் கிண்ணத்தைத் தாங்கும் போல்ட்டைக் கழற்றினால், மிதவையும் நடுவில் மெயின் ஜெட்டும் தெரியும். கிண்ணத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிவு இருந்தால், ஈரம் தன் வேலையைக் காட்டியிருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

ஆனால், உங்கள் கோளாற்றுக்குப் பொறுப்பான பாகம் பெரும்பாலும் கிண்ணத்துக்குள் இருப்பதில்லை. பலர் மெயின் ஜெட்டை மட்டும் ஊதிச் சுத்தம் செய்துவிட்டு, ‘கார்புரேட்டர் சர்வீஸ் செய்தும் சரியாகவில்லை’ என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தருவது பைலட் ஜெட். இந்த வகைக் கார்புரேட்டர்கள் பலவற்றில் அது மேற்புறத்தில், ஸ்லோ ஸ்பீடு ஸ்குரூவுக்கு அடியில், பிளாஸ்டிக் தலையுடன் செருகப்பட்டிருக்கும்; ஸ்குரூவைக் கழற்றிவிட்டு மெதுவாக நெம்பினால் வந்துவிடும். அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வட்டமான, தெளிவான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும்; மங்கலாகவோ பிறை வடிவிலோ தெரிந்தால் அடைப்பு இருக்கிறது. கார்புரேட்டர் கிளீனரில் நனைத்து, சைக்கிள் பம்பாலோ கம்ப்ரஸர் காற்றாலோ ஊதுங்கள். போகவில்லையென்றால், மின்வயரிலுள்ள மெல்லிய செம்புக் கம்பி ஒன்றைப் பயன்படுத்துங்கள். ஊசியோ எஃகுக் கம்பியோ கூடவே கூடாது. துளை அகன்றுவிட்டால் அந்த ஜெட்டைத் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. ஜெட் அமர்ந்திருந்த குழியிலிருந்து திராட்டில் பக்கம் போகும் நுண்துளைகளிலும் கிளீனரைப் பீய்ச்சி, மறுபக்கம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம்.

கார்புரேட்டரை முழுவதுமாகக் கழற்றினால், அதற்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தடித்த இன்சுலேட்டரையும், அதன் இருபுறமும் காற்று கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டுகளையும் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தனவோ அப்படியே கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கேஸ்கட்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. இடம் மாறினால் காற்று கசியும், அல்லது தேவையான துளை அடைபடும். நீங்கள் சரிசெய்ய வந்த கோளாறு புதிய வடிவில் திரும்ப வரும். கிழிந்த கேஸ்கட்டுக்கு மேல் பேஸ்ட் தடவிச் சமாளிக்காமல், புதிதாக வாங்கிப் போடுவதே நல்லது. மாட்டி ஓட்டும்போது, இந்த இணைப்பைச் சுற்றிச் சிறு தூரிகையால் சில சொட்டு இன்ஜின் ஆயில் தடவிப் பாருங்கள். அந்த நொடியில் ஐடிலிங் மாறினால் அங்கே கசிவு இருக்கிறது. சிலர் இதற்கு எரியும் ஸ்பிரேயைப் பயன்படுத்துகிறார்கள்; சூடான சைலன்ஸருக்குப் பக்கத்தில் அது ஆபத்தானது.

எல்லாம் மாட்டியபின், புதுப் பெட்ரோலில் பத்து நிமிடம் ஓடவிட்டு, இன்ஜின் சூடானதும் சோக்கை முழுவதும் திறந்த நிலையில்தான் ஸ்குரூக்களைத் தொட வேண்டும். கலவையை மாற்றும் ஸ்குரூ உங்கள் மாடலில் இருந்தால், அதை மெதுவாகத் திருப்பி, வேகம் மிக அதிகமாகும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஸ்லோ ஸ்பீடு ஸ்குரூவால் வேகத்தைக் குறையுங்கள். பொதுவாக 1,400 சுற்று அளவு போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் சோக் போடாமல் இன்ஜின் சீராக ஓடவில்லையென்றாலோ, கார்புரேட்டர் வழியாகத் திருப்பி அடிக்கும் சத்தம் கேட்டாலோ, டேப்பெட் செட்டிங்கை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவில் விடும் இடைவெளியை) பார்க்க வேண்டும். வால்வு முழுமையாக மூடாதபோது, குறைந்த வேகத்தில்தான் கம்ப்ரஷன் இழப்பு முதலில் தெரியும். இன்ஜின் ஆறிய நிலையில், பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சியில் இருக்கும்போது இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். பல மாடல்களுக்கு உள்வால்வு 0.15 மில்லிமீட்டர், வெளிவால்வு 0.20 மில்லிமீட்டர்; ஆனால், பார்வைக்கு அதேபோல் இருக்கும் சில புதிய மாடல்களுக்கு இதில் பாதிதான் அளவு. ஆகவே உங்கள் எந்திரத்தின் கையேட்டைப் பார்க்காமல் யாரையும் டேப்பெட்டில் கை வைக்க அனுமதிக்காதீர்கள். நீங்கள் போட்ட புது பிளக்கின் இடைவெளியையும் அதே கேஜால் அளந்துவிடுங்கள். இவ்வகை இன்ஜின்களுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை இருக்கலாம்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன், டேங்க்கை வடித்துவிட்டு, காக்கைத் திறந்த நிலையிலேயே இன்ஜினைத் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பின்னர் கார்புரேட்டர் கிண்ணத்தின் வடிகால் ஸ்குரூவைத் தளர்த்தி, மீதமுள்ள துளிகளையும் எடுத்துவிட்டு, காக்கை மூடி வையுங்கள்.