பிள்ளைகள் வெளியே விளையாடும் தெருவைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: எங்களுக்கு 9 வயதில் ஒரு மகள், 6 வயதில் ஒரு மகன். வீடு மாற்றப்போகிறோம். பிள்ளைகள் சாயங்காலம் தாங்களாகவே வெளியே போய் மற்ற பிள்ளைகளோடு விளையாட வேண்டும் என்பதுதான் எங்களுடைய முதல் விருப்பம். பார்க்கிற இடத்திலெல்லாம் ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கின்றன, பிள்ளைகளைத்தான் காணோம். இப்போது இரண்டு வீடுகள் கைவசம் உள்ளன. ஒன்று, பெரிய விளையாட்டுத் திடல் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினோராவது மாடி. இன்னொன்று, ஒரு முட்டுச்சந்தில் பழைய வீடு. அறை ஒன்று குறைவு. அங்கே பிள்ளைகள் விளையாடுவார்களா என்று குடிபோவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில், நீங்கள் வீடு பார்க்கப் போகும் நேரத்தை மாற்றுங்கள். புரோக்கர்கள் பெரும்பாலும் பகல் பதினொரு மணிவாக்கில்தான் கூட்டிப்போவார்கள். நல்ல வெளிச்சம், அமைதியான தெரு, வீடும் எடுப்பாகத் தெரியும். ஆனால் பள்ளி வயதுப் பிள்ளை யாரும் அந்த நேரத்தில் எந்தத் தெருவிலும் இருக்க மாட்டார்கள். பள்ளி விட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒரு வார நாளிலும், விடுமுறை நாள் காலையில் ஒரு முறையும் போய்ப் பாருங்கள். அதற்கு முன்பு முன்பணம் கொடுக்க வேண்டாம். தேர்வுக் காலத்திலோ கொட்டுகிற மழையிலோ போய்விட்டு ‘இங்கே யாருமே இல்லை’ என்று முடிவுகட்டவும் வேண்டாம்.

போன நேரத்தில் பிள்ளைகள் கண்ணில் படாவிட்டாலும் அவர்கள் விளையாடிய தடயம் இருக்கும். ஊஞ்சலுக்கு நேர் கீழே பாருங்கள். கால் தேய்த்துத் தேய்த்து மண் குழிந்திருந்தால் அது ஓடுகிற ஊஞ்சல். புல் முளைத்திருந்தால் விளம்பரப் படத்துக்காக மாட்டிய ஊஞ்சல். கீழே ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறார்களா? அப்படியானால் சங்கிலியைப் பாருங்கள். கை பிடிக்கிற உயரத்தில் மட்டும் துரு இல்லாமல் பளபளப்பாக இருக்கும். சுவரில் பந்து பட்ட வட்டக் கறைகள், தரையில் பாதி அழிந்த சாக்பீஸ் கட்டங்கள், ஜன்னல் சன்ஷேடில் சிக்கிய பந்து, ஒரே வீட்டின் முன்னால் வேறு வேறு உயரத்தில் சாய்த்துப் போட்ட மூன்று சைக்கிள்கள் என்று இதெல்லாம் புரோக்கரின் பேச்சைவிட நம்பகமான சாட்சி. ‘இங்கே பந்து விளையாடக் கூடாது’ என்ற பலகையும் ஒரு தடயம்தான். விளையாடப் பிள்ளைகளே இல்லாத இடத்தில் யாரும் அப்படி எழுதி மாட்டுவதில்லை. பலகை பழசாகி, அதற்குப் பக்கத்திலேயே பந்துக் கறையும் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. பலகை புத்தம்புதுசாக இருந்தால், அங்கே ஏதோ சண்டை நடந்து பிள்ளைகள் தோற்றிருக்கிறார்கள்.

அடுத்தது சாலை. உங்கள் கேள்வியில் பெரிய பகுதியை இதுதான் தீர்மானிக்கும். 1960-களின் இறுதியில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டிகள், இன்னொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. போக்குவரத்து குறைந்த தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். வண்டிகள் நிறைந்த தெருவில் ஒருவர்கூடச் சரியாக இல்லை, 0.9தான். இத்தனைக்கும் இது பெரியவர்களின் கணக்கு. எதிர்ச்சாரிக்குப் போக முடியாத ஆறு வயதுப் பையனின் உலகம் பாதித் தெருவோடு முடிந்துவிடும்.

வண்டிகளின் எண்ணிக்கையைவிட வேகத்தைக் கவனியுங்கள். மணிக்கு 32 கிலோமீட்டரில் வரும் கார், ஓட்டுநர் சுதாரித்து பிரேக் அழுத்தி நிற்க 12 மீட்டர் ஆகும் என்கிறது பிரிட்டனின் சாலை விதிக் கையேடு. 48 கிலோமீட்டரில் வந்தால் 23 மீட்டர். பந்தின் பின்னால் ஓடிவரும் பிள்ளைக்கு அந்த 11 மீட்டர்தான் எல்லாம். ஆகவே, அந்தத் தெரு எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். இரண்டு பெரிய சாலைகளை இணைக்கும் குறுக்குவழி என்றால் அங்கே குடியிருக்காதவர்களும் அவசரத்தில் அதில் புகுவார்கள். முட்டுச்சந்துக்குள் வருகிறவர் அங்கேயே வீடு உள்ளவராகவோ அங்கே வேலையாக வந்தவராகவோதான் இருப்பார். அங்கேயே குடியிருப்பவருக்கு யார் வீட்டுப் பிள்ளை என்பதும் தெரியும். வளைவும் குறுகலுமாக இருப்பதும் நல்லதுதான், ஓட்டுகிறவர் தானாகவே வேகத்தைக் குறைப்பார். ஆனால் இரண்டு பக்கமும் கார்களை நெருக்கி நிறுத்தியிருந்தால் யோசியுங்கள். இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து வெளிப்படும் பிள்ளை ஓட்டுநரின் கண்ணுக்குக் கடைசி நொடியில்தான் தெரியும்.

‘இந்தத் தெருவில் இதுவரை ஒரு விபத்துகூட நடந்ததில்லை’ என்று யாராவது சொன்னால், அதை அப்படியே நம்பி எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரும் (மேயர் என்பது அவர் பெயர், பதவியல்ல) அவர் குழுவினரும் பார்த்தபோது, 1971-இல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-இல் அது 9 சதவீதம். அந்த இடைவெளியில் வண்டிகள் பெருகின, ஆனாலும் சாலையில் இறந்த பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. சாலை பாதுகாப்பானதால் அப்படி ஆகவில்லை, பிள்ளைகளையே சாலையிலிருந்து எடுத்துவிட்டோம் என்றார் ஹில்மன்.

சரி, இனி திடல் விஷயம். பெரிய திடல் தூரத்தில் இருப்பதைவிடச் சின்ன வெற்றிடம் வாசலில் இருப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து. ஆம்ஸ்டர்டாமில் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் 1947 முதல் 1978 வரை எழுநூறுக்கும் மேற்பட்ட விளையாட்டு இடங்களை அமைத்தார். பல இடங்கள் வீடுகளுக்கு நடுவே சும்மா கிடந்த துண்டு நிலங்கள். ஒரு மணல்தொட்டி, சில கம்பிகள், சில கற்கள், அவ்வளவுதான். வீட்டை விட்டு இறங்கினால் அங்கே நிற்கலாம் என்பதுதான் அவற்றின் பலம். பெரியவர் கூட்டிப்போனால்தான் உண்டு என்ற திடலில் விளையாட்டு வாரம் ஒரு முறைதான் நடக்கும். தண்ணீர் குடிக்கவும் அடிபட்டால் அழவும் தம்பியைக் கூட்டிவரவும் ஒரு பிள்ளை ஒரே சாயங்காலத்தில் ஐந்து முறை வீட்டுக்கு வந்துபோகும். அது நடக்கக்கூடிய தூரமா என்று அளந்து பாருங்கள். எளிய சோதனை: ஜன்னலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்குமா? பதினோராவது மாடியிலிருந்து கேட்காது. ஆறு வயதுப் பையனைத் தனியாக லிஃப்டில் அனுப்ப உங்களுக்கு மனம் வராது, உங்கள் பக்கத்து வீட்டாருக்கும் வராது. இத்தனை பிள்ளைகள் வசிக்கும் கட்டடத்தின் கீழே திடல் காலியாகக் கிடப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் நேரம். பிள்ளைகள் இருப்பார்கள், ஆனால் ஒருவன் ஆறு மணிக்கு டியூஷனிலிருந்து வருவான், ஒருத்தி ஐந்தரைக்கு நீச்சலுக்குக் கிளம்புவாள், மூன்றாமவனின் பள்ளி தூரத்தில் இருப்பதால் பஸ் வரவே இருட்டிவிடும். யாரும் யாரையும் சந்திக்க மாட்டார்கள். ஆகவே ‘இங்கே பிள்ளைகள் இருக்கிறார்களா?’ என்று கேட்டுப் பயனில்லை. ‘இங்கே விளையாடுவார்களா?’ என்றாலும் எல்லாரும் ‘ஓ, நன்றாக!’ என்றுதான் சொல்வார்கள். அங்கே குடியிருக்கும் ஓர் அம்மாவிடமோ அப்பாவிடமோ இப்படிக் கேளுங்கள்: ‘நேற்று சாயங்காலம் ஐந்தரைக்கு உங்கள் பிள்ளை எங்கே இருந்தான்?’ ‘கிளாஸில்’ என்ற பதிலும் ‘கீழேதான்’ என்ற பதிலும் தெளிவானவை. ‘எங்கேயாவது பக்கத்து வீட்டில் இருந்திருப்பான், சாப்பிட வந்துவிட்டான்’ என்று ஒருவர் அலட்டிக்கொள்ளாமல் சொன்னால், நீங்கள் தேடும் இடம் அதுவாக இருக்கலாம்.

உங்கள் பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள், கையில் ஒரு பந்து இருக்கட்டும். அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். அங்குள்ள பிள்ளைகளோடு பேசுவதென்றால் அவர்களின் பெற்றோரும் பக்கத்தில் இருக்கும்போது பேசுங்கள். அந்நியர் ஒருவர் தனியாக வந்து விசாரிப்பது யாருக்கும் பிடிக்காது. கேட்பதற்கு ஒரு நல்ல கேள்வி சொல்கிறேன்: ‘பந்து எந்த வீட்டுக்குள் விழுந்தால் திரும்ப வராது?’ உண்மையிலேயே விளையாடுகிற பிள்ளைகள் யோசிக்காமல் ஒரே வீட்டை நாலு பேராகக் கை காட்டுவார்கள். அந்த வீட்டுக்காரரின் குணம், எந்த நேரத்தில் அவர் தூங்குவார் என்பதெல்லாம் கூடவே வரும். விளையாடாத பிள்ளைகள் கேள்வியே புரியாமல் விழிப்பார்கள்.

யார் விளையாடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பதின்மூன்று வயதுப் பையன்கள் பத்துப் பேர் பந்தாடினால் தெரு கலகலப்பாகத்தான் இருக்கும், ஆனால் உங்கள் மகனுக்கு அதில் இடம் கிடைக்காது, மகள் எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். பெண் பிள்ளைகளும் வெளியே இருக்கிறார்களா, பெரியவர்கள் சின்னவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்களா என்று பாருங்கள். வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் முதியவர்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் என்று பெரியவர்கள் நாலு பேர் கண்ணில் பட்டால் நல்லது. அவர்கள் காவலுக்கென்று உட்காராமலேயே காவல் நடக்கிறது.

பலரும் யோசிக்காத ஒன்று, தெருவின் வயது. எல்லாரும் ஒரே சமயத்தில் கைக்குழந்தைகளோடு குடிவந்த புதுக் குடியிருப்பு பத்து வருடம் அமர்க்களமாக இருக்கும். அப்புறம் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்தாற்போல் வளர்ந்துவிடுவார்கள், தெரு மௌனமாகிவிடும். சொந்த வீட்டுக்காரர்களும் வாடகைக்கு இருப்பவர்களும் கலந்த பழைய தெருவில் ஆள் மாறிக்கொண்டே இருப்பதால் எப்போதும் ஏதாவது ஒரு சின்னப் பிள்ளை இருக்கும். தெரு விளையாட்டு ஏறத்தாழ ஐந்து வயதில் தொடங்கி பன்னிரண்டில் ஓய்ந்துவிடும். உங்கள் மகளுக்கு மிச்சம் மூன்று வருடம்தான். குறையே இல்லாத இடத்தைத் தேடி இரண்டு வருடம் அலைவது அவள் கணக்கில் நஷ்டம்.

முழுக் கூட்டமும் ஏற்கெனவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2009-இல் பிரிஸ்டல் நகரில் அக்கம்பக்கத்துத் தாய்மார் இருவர் முன்னின்று, பள்ளி விட்டதும் தங்கள் தெருவைச் சில மணி நேரம் வண்டிகளுக்கு மூடி, பிள்ளைகளை விளையாட விட்டார்கள். பிறகு பிரிட்டனின் பல ஊர்களில் அது பரவியது. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒத்த வயதுப் பிள்ளைகள் உள்ள மூன்று வீடுகள் போதும், தினமும் ஒரே நேரம் என்பது மட்டும் மாறக் கூடாது. ஐந்தரைக்கு வெளியே போனால் யாராவது இருப்பார்கள் என்று ஒரு பிள்ளைக்கு உறுதியாகத் தெரிந்தால், நாலாவது வீட்டுப் பிள்ளை தானாகவே வரும்.

உங்கள் இரண்டு வீடுகளில் என் ஓட்டு முட்டுச்சந்துக்கு. ஓர் அறை குறைவதால் பிள்ளைகள் கூடுதலாக வெளியே போவார்கள் என்றுகூடச் சொல்வேன். ஆனால் ஒரு நிபந்தனை: வார நாள் சாயங்காலம் போகும்போது உங்கள் பிள்ளைகளின் வயதையொட்டி மூன்று பேராவது அந்தச் சந்தில் தென்பட வேண்டும். முடிந்தால் முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். சந்தில் யாருமே இல்லாமல், அடுக்குமாடியின் ஊஞ்சலுக்குக் கீழே மண் குழிந்திருந்தால் முடிவை மாற்றிக்கொள்ளுங்கள். அப்போதும் பதினோராவது மாடி வேண்டாம். அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் ஏதாவது காலியாகிறதா என்று விசாரியுங்கள்.